ஸ்டாலா, வேலைவாய்ப்பு மேஜையா?

தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் தொழில்நுட்ப மாநாட்டுக்கு ஸ்பான்சர் கேட்டுப் போனால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "ஸ்டால் உண்டா?" என்பதுதான். அடுத்தது "அங்கேயே ஆள் எடுக்க முடியுமா?" இரண்டுக்கும் "உண்டு சார்" என்று சொல்லிவிட்டு வருவது எளிது. சில வருடங்கள் நானும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதை நடத்திக் காட்ட வேண்டிய நாளில்தான் இரண்டும் வேறு வேறு வேலைகள் என்று புரிந்தது. ஸ்டால் முன்னால் நிற்பவர் வேறு ஆள், ரெஸ்யூமேயோடு வருபவர் வேறு ஆள். இருவரையும் ஒரே மேஜைக்கு முன்னால் நிறுத்தினால் இருவருக்கும் நேரம் வீண்.

சென்னையிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் 300, 400 பேர் வரும் இரண்டு நாள் மாநாடுகளில் வேலை பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். டிக்கெட் பணம் சாப்பாட்டுக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும். அரங்க வாடகை, வீடியோ பதிவு, வெளியூர் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயணப்படி எல்லாம் ஸ்பான்சர் பணத்தில்தான் நடக்கின்றன. அதனால் அவர்களுக்கு என்ன திருப்பிக் கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். சனி, ஞாயிறு இரண்டையும் விட்டுவிட்டு நம்மை நம்பி வருகிறவர்களுக்கும் அதே கணக்கைப் பார்க்கவேண்டும்.

நமக்கு இருக்கும் வழிகள் நான்கு. இரண்டு நாளும் ஸ்டால் போடலாம். தனியாக நேரம் ஒதுக்கி, வேலை தேடுகிறவர்களை நிறுவனங்கள் நேரில் பார்த்துப் பேசும் வேலைவாய்ப்பு மேஜைகள் போடலாம். இரண்டும் இல்லாமல் சுவரில் வேலை அறிவிப்பு ஒட்டவிடலாம். ஸ்பான்சர்களைப் பயிற்சி வகுப்பு எடுக்கச் சொல்லலாம். எதை எடுப்பது என்பது மாநாட்டின் அளவையும், வருகிறவர்கள் படித்துக்கொண்டிருப்பவர்களா, வேலையில் இருப்பவர்களா என்பதையும் பொறுத்தது.

டீ எங்கே இருக்கிறதோ அங்கே ஸ்டால்

பெரிய அளவில் இதைச் செய்கிறவர்கள் என்றால், பைத்தான் நிரலாக்க மொழிக்காக அமெரிக்காவில் நடக்கும் பைகான் யூ.எஸ். மாநாட்டுக்காரர்கள். 2019-ல் கிளீவ்லாந்தில் நடந்தபோது 3,000 பேருக்கும் மேல் வந்தார்கள். 2024-லும் 2025-லும் பிட்ஸ்பர்க்கில் நடந்தது. அங்கே ஸ்டால்களுக்கென்று தனிக் கூடம் உண்டு. வியாழக்கிழமை மாலை அதைத் திறந்துவைக்கும்போதே உள்ளே உணவும் பானமும் வைத்துவிடுகிறார்கள். வெள்ளியும் சனியும் உரைகளுக்கு நடுவே எல்லோரும் அங்கேதான் சுற்றுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்பான்சர் ஸ்டால்கள் கிடையாது. அன்றைக்கு வேலைவாய்ப்பு மேஜைகளும் போஸ்டர் விளக்கங்களும் (தான் செய்த வேலையைப் போஸ்டராக ஒட்டி, பக்கத்தில் நின்று விளக்குவது) இருக்கும். ஸ்டாலையும் ஆள் எடுப்பதையும் அவர்கள் நாள் கணக்கில் பிரித்து வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

நாம் இதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும்போது ஸ்டாலை எடுத்துக்கொள்கிறோம், உணவை விட்டுவிடுகிறோம். ஒரு முறை எங்களுக்குக் கிடைத்த கல்லூரிக் கட்டடத்தில் உரைகள் தரைத்தளத்தில், ஸ்டால்கள் முதல் மாடியில், சாப்பாடு பின்பக்கம் இருந்த கேன்டீனில். முதல் நாள் மாலைக்குள் ஸ்பான்சர்களின் முகம் வாடிவிட்டது. இரண்டாம் நாள் மூன்று மணிக்கு ஸ்டான்டி பேனர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு ஊரிலிருந்து விமானத்தில் வந்திருந்த ஒரு பொறியாளர் என்னிடம் கோபப்படவில்லை. "எத்தனை பேருக்கு இந்த மாடி இருப்பது தெரியும்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வருடம் ஸ்டால் எண்ணிக்கையைக் கூட்டவில்லை, குறைத்தோம். எட்டு ஸ்டால்களை இரண்டு வரிசையாக எதிரெதிரே போட்டு, வரிசையின் இரு முனைகளிலும் டீ கேன்களை வைத்தோம். இந்த முனையில் கூட்டம் அதிகமாக இருந்தால் ஆட்கள் தாமாகவே அந்த முனைக்கு நடப்பார்கள், நடக்கும் வழியெல்லாம் ஸ்டால். டீயை எந்த ஸ்டாலுக்கும் நேர் எதிரே வைக்கக் கூடாது. டீ வரிசை அந்த ஸ்டாலை மறைத்துவிடும், பிஸ்கட் தட்டுகள் அவர்கள் மேஜைக்கு ஏறிவிடும். இடைவேளையை 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாக நீட்டினோம். நாளுக்கு ஒரு உரை குறைந்தது. உரைத் தேர்வுக் குழுவோடு இதற்காகக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, ஆனால் அந்த ஆண்டு செய்ததிலேயே அதிகம் பலன் தந்த மாற்றம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஸ்பான்சர்களுக்கு மட்டும் நல்லது என்றில்லை. வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவும் நேரம் கிடைத்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாளுக்கு இரண்டு டீ இடைவேளை 30 நிமிடம் வீதம், மதிய உணவு ஒரு மணி நேரம். உணவு நேரத்தில் பாதி சாப்பிடவே போய்விடும். மீதம் 90 நிமிடம். ஸ்டாலில் இருவர் நின்று, ஒருவரிடம் ஆறு நிமிடம் பேசினால் நாளுக்கு 30 பேர், இரண்டு நாளில் 60 பேர். இடைவெளியே இல்லாமல் பேசினால்தான் இதுவும் நடக்கும். ஸ்பான்சர் மனதில் இருப்பதோ 400 பேர். இந்த 60 என்ற எண்ணைப் பணம் வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுவேன். அதைக் கேட்டுப் பின்வாங்கியவர்கள் உண்டு. வந்தவர்களோ அடுத்த வருடமும் வந்தார்கள்.

அந்த 60 பேரிடம் யார் பேசுகிறார்கள் என்பது இன்னும் முக்கியம். எச்.ஆர். துறையிலிருந்து இருவர் வந்து, கியூ.ஆர். கோடு காட்டி "ஃபார்ம் ஃபில் பண்ணுங்க, டி-ஷர்ட் வாங்கிக்கோங்க" என்று சொன்னால் கூட்டம் சேரும், டி-ஷர்ட் தீர்ந்ததும் கலையும். பரிசுச் சக்கரமும் அப்படித்தான். எச்.ஆர். ஆட்கள் வரக் கூடாது என்று சொல்லவில்லை. அவர்களோடு அன்றாடம் புரோகிராம் கோடு எழுதுகிற ஒருவராவது நிற்க வேண்டும். நான் பார்த்ததில் மிகச் சிறப்பான ஸ்டால் ஒன்றில் பரிசே கிடையாது. அவர்களுடைய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மெதுவாக ஓடிய ஒரு வினவலை, அதாவது தகவல் கேட்டு எழுதும் கட்டளையை, ரகசியத் தகவல்களை நீக்கிவிட்டு, பெரிய தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். "இதை எப்படி வேகப்படுத்துவீர்கள்?" என்று கீழே ஒரு வரி. இரண்டு நாளும் அதன் முன்னால் நாலு பேராவது நின்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போடலாம் என்று ஒருவர் சொல்ல, போட்டும், வினவலை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் பிளானர் அதை எடுக்காது என்று இன்னொருவர் மறுக்க, நடுவில் அந்த நிறுவனத்துப் பெண் பொறியாளர் மார்க்கரோடு எழுதிக்கொண்டே இருந்தார். மாலையில் அவர் கையில் மூன்று பெயர்கள் இருந்தன. மூவருமே வேலை தேடி வந்தவர்கள் இல்லை.

பெரும்பாலானவர்கள் யோசிக்காத விஷயம் இதில்தான் இருக்கிறது. ஐந்து, ஆறு வருட அனுபவம் உள்ளவர் வேலைவாய்ப்பு வரிசையில் நிற்கவே மாட்டார். அவருடைய இப்போதைய நிறுவனமே எதிர் ஸ்டாலில் இருக்கலாம், அவருடைய மேலாளர் அடுத்த அரங்கில் உரை நிகழ்த்திக்கொண்டிருக்கலாம். கையில் ரெஸ்யூமேயோடு யாராவது பார்த்துவிட்டால் திங்கட்கிழமை ஆபீஸில் பேச்சாகிவிடும். ஆனால் ஒரு வினவலைப் பற்றி ஸ்டாலில் அரை மணி நேரம் வாதம் செய்தால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அனுபவசாலிகளைத் தேடும் நிறுவனத்துக்கு ஸ்டால்தான் சரி.

ஸ்டால் தொடர்பாக இன்னும் ஒன்று. பதிவு செய்த எல்லோருடைய தொலைபேசி எண், மின்னஞ்சல் பட்டியலை ஸ்பான்சர்கள் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். மாநாட்டில் கலந்துகொள்ளத்தான் அவர்கள் அந்த எண்ணைத் தந்தார்கள். ஒருவரின் தகவலை எந்த நோக்கத்துக்காகச் சம்மதம் வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பது 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும்கூட. ஸ்டாலில் யார் விருப்பப்பட்டு எண் தருகிறார்களோ அதுவே அந்த நிறுவனத்தின் பட்டியல்.

வேலைவாய்ப்பு முகாம் என்று பெயர் வைத்தால்

இந்தச் சொல்லை ஒரு வருடம் நாங்கள் யோசிக்காமல் போஸ்டரில் போட்டோம். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குத் தெளிவான பொருள் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகின்றன. பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை படித்தவர்கள் சான்றிதழ்களோடு போவார்கள். அங்கே பதிவு செய்யவும் வழிகாட்டவும் அதற்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். அதே சொல்லைப் பார்த்து எங்கள் மாநாட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். பிளாஸ்டிக் ஃபைலில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலிருந்து எல்லாம் வைத்துக்கொண்டு, திருநெல்வேலியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒரு தம்பியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறு மேஜைக்கும் போனார். நாலு இடத்தில் "எங்க வெப்சைட்ல அப்ளை பண்ணுங்க" என்றார்கள். மற்ற இரண்டில் மூன்று வருட அனுபவம் கேட்டார்கள். மத்தியானம் பதிவு மேஜைக்கு வந்து, "அண்ணா, வெப்சைட்ல போடுறதுக்கா இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க?" என்று கேட்டார். பஸ் கட்டணம், ஒரு நாள் சம்பளம், வீட்டில் சொல்லிவிட்டு வந்த நம்பிக்கை எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தது. தவறு முழுக்க எங்களுடையது. எந்த நிறுவனத்திடம் உண்மையிலேயே காலியிடம் இருக்கிறது என்று நாங்கள் கேட்கவே இல்லை.

பெரிய மாநாடுகளுக்கும் இது நடந்திருக்கிறது. கணினித் துறைப் பெண்களுக்காக நடக்கும் கிரேஸ் ஹாப்பர் மாநாடு 2023-ல் ஆர்லாண்டோவில் கூடியது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும் 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்திருந்த காலம் அது. வேலை தேடிய ஆண்கள் ஏராளமாக டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, வேலைவாய்ப்பு வரிசைகளில் நின்றார்கள். யாருக்காக அந்த மாநாடோ அந்தப் பெண்கள் வரிசையில் இடமில்லாமல் பின்னால் நின்றார்கள். நடத்திய அமைப்பே வெளிப்படையாக அதைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. வேலைக்குத் தட்டுப்பாடு இருக்கும் காலத்தில் வேலைவாய்ப்புப் பகுதி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது, யாருக்கும் வேலை வேண்டும். வாசலில் என்ன எழுதி வைக்கிறோம், உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அப்படியானால் வேலைவாய்ப்பு மேஜையே வேண்டாமா? வேண்டும். கணக்கைப் பாருங்கள். இரண்டு மணி நேரம், மேஜைக்குப் பின்னால் நிறுவனத்தார் மூன்று பேர், வருகிற ஒருவருக்கு எட்டு நிமிடம் என்றால் 45 பேரிடம் பேசிவிடலாம். ஸ்டாலில் இரண்டு நாளில் 60 பேர், இங்கே இரண்டே மணி நேரத்தில் 45 பேர், அதுவும் எல்லோரும் வேலை வேண்டும் என்று வந்தவர்கள். ஃப்ரெஷர்களை எடுக்கும் நிறுவனத்துக்கு ஸ்டாலைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் நிபந்தனை இல்லாமல் மேஜை கொடுக்கக் கூடாது. திருநெல்வேலித் தம்பி வந்துபோன பிறகு நாங்கள் வைத்த விதி இது. மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பே ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். என்ன பதவி, எத்தனை இடம், எத்தனை வருட அனுபவம், எந்த ஊர், சம்பளம் எங்கிருந்து எங்கே வரை, எத்தனை சுற்று இன்டர்வியூ. சம்பளத்தைச் சொல்லத் தயங்குவார்கள். அதில் மட்டும் சிலருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். மற்றவற்றில் விடுவதில்லை. காலியிடம் இல்லாத நிறுவனம் பெயர் தெரியவேண்டும் என்பதற்காக வந்தால் தாராளமாக ஸ்டால் எடுக்கட்டும். வேலைவாய்ப்பு மேஜை அவர்களுக்குக் கிடையாது. இதைச் சொன்னதற்காக ஒரு ஸ்பான்சரை இழந்தோம்.

அப்புறம், நிறுவனங்களுடையதல்லாத ஒரு மேஜை. எங்கள் மாநாட்டின் மூத்த உறுப்பினர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து ரெஸ்யூமே பார்த்துச் சொல்வார்கள். "இந்த இரண்டு பக்கத்தை ஒன்றாக்கு", "இந்த புராஜெக்டை நீயே எழுதினாயா, எங்கே புரோகிராம் கோடு?", "கோடு இருக்கும் கிட் லிங்க் ஏன் இல்லை?" இந்த மாதிரி. எந்த வருடமும் மிக நீளமான வரிசை இந்த மேஜைக்குத்தான். வேலை கிடைக்காமல் திரும்புகிறவர்கூட ஏதோ ஒன்றைத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி நாள் மாலையில் வைத்தால் பாதிப் பேர் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். கடைசி நாள் காலை 10 முதல் 12 வரை சரியாக இருக்கிறது. அந்த நேரத்தில் பெரிய உரை எதையும் வைக்காமல், பைகான் யூ.எஸ்.ஸில் செய்வதுபோல் போஸ்டர் விளக்கங்களைப் பக்கத்திலேயே வைத்தால், வேலை தேடும் மாணவர் தன் போஸ்டருக்கு முன்னாலேயே நிறுவனத்தைச் சந்தித்துவிடுவார். ரெஸ்யூமேயில் பத்து வரி எழுதுவதைவிட அது நன்றாகப் பேசும்.

சுவர் ஒன்று போதும் என்றால்

பிரஸ்ஸல்ஸில் ஒவ்வொரு வருடமும் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ஃபோஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்) மாநாடு முற்றிலும் வேறு வழி. நுழைவு இலவசம், முன்பதிவுகூட இல்லை. அங்கே மேஜைகள் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு. கூட்டம் அலைமோதுவதும் அந்த மேஜைகளைச் சுற்றித்தான். நிறுவனங்களுக்கு அரங்கம் அமைத்துக் கொடுக்கும் வேலையே அங்கே இல்லை.

இதை நம் ஊரில் அப்படியே செய்ய முடியாது, ஸ்டால் இல்லை என்றால் பாதி ஸ்பான்சர்கள் வரமாட்டார்கள். ஆனால் ஸ்டால்களோடு இரண்டு ஏற்பாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்பான்சர் ஸ்டால்களுக்கு இடையே இரண்டு மேஜைகளை இலவசமாகத் தமிழ் விக்கிப்பீடியர்களுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் வரைகிறவர்களுக்கும் உள்ளூர் லினக்ஸ் குழுக்களுக்கும் கொடுங்கள். கூட்டம் அவர்களைத் தேடி வரும், பக்கத்து ஸ்டாலும் நிறையும். இன்னொன்று வேலை அறிவிப்புச் சுவர். ஒரு சார்ட் போர்டு, கொஞ்சம் ஏ4 தாள், ஸ்கெட்ச் பேனா, செலவு 500 ரூபாய்க்குள். யாரும் ஒட்டலாம், ஸ்பான்சராக இருக்க வேண்டியதில்லை. முன்னே சொன்ன அனுபவசாலிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. டீ குடிக்கிற மாதிரி நின்று, போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார். அதன் பக்கத்திலேயே "வேலை தேடுகிறேன்" என்று தனிப் பகுதி வைத்தோம். முதல் ஆளாக எழுதத் தயங்கினார்கள், ஒருவர் எழுதியதும் மாலைக்குள் நிறைந்துவிட்டது.

ஸ்பான்சர் நடத்தும் பயிற்சி வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பைகான் யூ.எஸ்.ஸில் ஸ்பான்சர் வகுப்புகளை முக்கிய உரைகளுக்கு முந்தைய நாளில் தனியாக வைக்கிறார்கள். அது சரி. பணம் கொடுத்தவரின் உரையை, குழு தேர்ந்தெடுத்த உரைகளுக்கு நடுவே அடையாளம் காட்டாமல் நுழைத்தால் கேட்கிறவர்களின் நம்பிக்கை போய்விடும், அது திரும்பி வர வருடங்கள் ஆகும்.

என்னைக் கேட்டால்

150 பேருக்குக் குறைவாக வரும் ஒரு நாள் கூட்டம் என்றால் ஸ்டால் வேண்டாம். சுவர் வையுங்கள், மதிய உணவுக்கு முன் ஸ்பான்சருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் மேடையில் பேச நேரம் கொடுங்கள், போதும். ஆயிரத்தைத் தாண்டினால் தனிக் கூடமும் தனி நாளும் தேவைப்படும், அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் முடியாது.

நடுவில் இருக்கும் 300 முதல் 500 பேருக்கான மாநாட்டுக்கு என் முடிவு இது. எட்டு ஸ்டாலுக்கு மேல் விற்காதீர்கள். வேலைவாய்ப்பு மேஜையைத் தனி விலைக்குக் கொடுங்கள், ஸ்டாலோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். சேர்த்துக் கொடுத்தால் காலியிடம் இல்லாதவர்களும் மேஜையில் உட்கார்ந்துவிடுவார்கள். பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனங்களுக்கு ஒரு நாள் மேஜை குறைந்த விலைக்குக் கொடுங்கள். பைகான் யூ.எஸ். 2011-லிருந்தே புதிய நிறுவனங்களுக்கென்று ஒரு வரிசையை ஒதுக்குகிறது. இப்படிப்பட்ட இடங்களில்தான் ஃப்ரெஷர் ஒருவரை நிறுவனர் நேரடியாகப் பார்த்துப் பேசி எடுக்கிறார். எல்லாவற்றுக்கும் முன்னால், ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் யார் பெயரில் போகும் என்று தீர்த்துவிடுங்கள். பேசி முடித்த ஸ்பான்சர் கடைசி வாரத்தில் நழுவுவது பெரும்பாலும் அந்த ஒரு தாளால்தான்.

முடிந்தபின் எத்தனை பேர் ஸ்டாலுக்கு வந்தார்கள் என்று கேட்காதீர்கள். மூன்று மாதம் கழித்து ஸ்பான்சரிடம் எத்தனை பேரை இன்டர்வியூவுக்கு அழைத்தீர்கள் என்று கேளுங்கள். வேலை தேடி வந்தவர்களிடமும் பதில் வந்ததா என்று கேளுங்கள். ஒருவருக்கும் பதில் போடாத நிறுவனத்துக்கு அடுத்த வருடம் வேலைவாய்ப்பு மேஜை கொடுப்பதில்லை என்று நாங்கள் வைத்திருக்கிறோம்.

எங்கள் அடுத்த மாநாட்டின் அறிவிப்பில் முகாம் என்ற சொல் இருக்காது. "ஞாயிறு காலை 10 முதல் 12 வரை வேலைவாய்ப்பு மேஜைகள்" என்று போட்டு, அதன் கீழே நிறுவனங்கள் எழுதித் தந்த பக்கங்கள் எல்லாவற்றையும் இணைக்கப்போகிறோம். அதற்கும் கீழே, கொட்டை எழுத்தில்: "வெளியூரிலிருந்து வருகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் இந்தப் பட்டியலைப் படியுங்கள். உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற இடம் இதில் இல்லையென்றால், வேலைக்காக மட்டும் பயணம் செய்ய வேண்டாம்."